நெகட்டிவ் ஸ்கேனில் துகளைப் பெரிதாக்கும் தவறுகள்

கருப்பு வெள்ளை நெகட்டிவை ஸ்கேன் செய்து திரையில் திறந்ததும், வானம் முழுக்க மணலை வாரி இறைத்தது போல் தெரிந்தால், பலரும் பிலிமைத்தான் குறை சொல்கிறார்கள். அந்த மணலில் கணிசமான பங்கு ஸ்கேன் செய்யும்போது நாமே சேர்த்தது. பிலிமில் இருக்கும் வெள்ளித் துகள் அழுக்கல்ல. படமே அதனால் ஆனதுதான்.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு, 2,400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) போன்ற நடுத்தர அளவில் ஸ்கேன் செய்துவிட்டு நிறுத்திக்கொள்வது. அந்த அளவில் ஒரு பிக்சல் சுமார் 10 மைக்ரான் அகலம். துகள்கள் திரண்டு நிற்கும் திட்டுகளும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தால், சில பிக்சல்கள் திட்டின் மேலும் சில இடைவெளியிலும் விழும். விளைவு, பிலிமில் இல்லாத ஒரு முரட்டுச் சொரசொரப்பு. ஸ்கேனர் உண்மையிலேயே 4,000 டிபிஐ தருமானால் அதில் எடுத்து, பிறகு கணினியில் சிறிதாக்குங்கள். பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கண்ணாடித் தட்டின் மேல் வைத்து எடுக்கும் பல பிளாட்பெட் ஸ்கேனர்களின் உண்மையான திறன் அதைவிட வெகு குறைவு.

அடுத்தது, மென்பொருளில் கூர்மையாக்கும் வசதியை அணைக்காமல் விடுவது. அது முகத்தின் விளிம்பையும் துகளின் விளிம்பையும் பிரித்தறியாது. ஒவ்வொரு துகள் திட்டையும் சுற்றி வெள்ளைக் கோடு போட்டுவிடும். கூர்மையைக் கடைசியில், இறுதி அளவுக்குச் சிறிதாக்கிய பிறகு, கொஞ்சமாகச் சேர்ப்பதே சரி.

அகச்சிவப்பு ஒளியால் தூசி நீக்கும் வசதியை வழக்கமான கருப்பு வெள்ளை பிலிமில் பயன்படுத்தவே கூடாது. வண்ணச் சாயம் அந்த ஒளியை ஊடுருவ விட்டுவிடும், வெள்ளி தடுத்துவிடும். ஆகவே மென்பொருள் படத்தையே தூசி என்று எண்ணி அழிக்கத் தொடங்கும். இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் விதிவிலக்கு. வண்ண நெகட்டிவுக்கான சி-41 முறையில் கழுவும் அந்தப் பிலிமில் கடைசியில் மிஞ்சுவது சாயம்தான். மற்றவற்றுக்கு ஊதுபந்தும் மென்மையான தூரிகையும் போதும்.

துகளையும் மின்னிரைச்சலையும் (ஸ்கேனரின் மின்னணுப் பகுதி தானாகச் சேர்க்கும் புள்ளிகள்) குழப்பிக்கொள்வதும் உண்டு. அளவுக்கு மீறி டெவலப் செய்த நெகட்டிவில் வானம் அடர்ந்து கறுத்திருக்கும். ஒளி சிரமப்பட்டே ஊடுருவும், அங்கே ஸ்கேனரின் இரைச்சல் தலைதூக்கும். ஒரே சட்டத்தை (பிரேமை) இருமுறை ஸ்கேன் செய்து, வானத்தின் ஒரு மூலையைப் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். இரண்டிலும் அதே இடத்தில் இருப்பது துகள். இடம் மாறுவது இரைச்சல். பலமுறை ஸ்கேன் செய்து சராசரி எடுப்பது இரைச்சலைத்தான் குறைக்கும். துகளை அது தொடாது.

இரைச்சல் நீக்கும் கருவியை முழு வேகத்தில் ஓட்டினால் கன்னம் மெழுகாகிவிடும், இமை முடி கரைந்துவிடும். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வராது.

எதையும் சரிசெய்யத் தொடங்கும் முன் இன்னொன்று: 4,000 டிபிஐயில் எடுத்த 35 மி.மீ. சட்டத்தைச் சாதாரணத் திரையில் 100 சதவீதத்தில் பார்ப்பது, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகல அச்சை மூக்கருகே வைத்துப் பார்ப்பதற்குச் சமம். முதலில் ஏ4 தாளில் ஒரு பிரதி அச்சிட்டுப் பாருங்கள்.