கர்ப்பிணிகளும் அன்டிபயோட்டிக்கும்: பயம் தப்பான இடத்தில் இருக்கிறது

"வயித்துல புள்ள இருக்கு, இங்கிலிஷ் மருந்து வேணாம்" என்று மாமியார் சொல்ல, கிளினிக்கில் தந்த மருந்துப் பை சாமி படத்துக்குப் பின்னால் போய்விடுவது நம்ம தோட்டப்பக்கம் புதிதில்லை. பயப்படுவது சரிதான். ஆனால் அன்டிபயோட்டிக் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதிலே கிடையாது. எந்த மருந்து, எத்தனையாவது மாதம், எந்தக் கிருமிக்கு என்று கேட்டால்தான் பதில் வரும்.

அதிகம் நடக்கும் தவறு சிறுநீர்த் தொற்றை "சூடு" என்று விட்டுவிடுவது. மலையில் கொழுந்து பறிக்கும்போது ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு நிற்கிறோம், கடுப்பு வந்தால் வெந்தயத் தண்ணீர். கர்ப்பத்தில் சிறுநீர் இறங்குவது மெதுவாகிவிடுவதால் கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடிக்க வழி இருக்கிறது, அது குறைமாதப் பிரசவத்தில்கூட முடியலாம். சிலருக்குக் கடுப்பே இல்லாமல் கிருமி இருக்கும், பரிசோதனையில்தான் தெரியும். அதற்காகத்தான் கிளினிக்கில் அந்தச் சின்னப் போத்தலைக் கையில் கொடுக்கிறார்கள், வெட்கப்பட்டு வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

அமொக்சிசிலின், செபலெக்சின் போன்றவை கர்ப்பிணிகளுக்குப் பல காலமாகக் கொடுத்துப் பழகியவை, பொதுவாகப் பயமில்லை. பென்சிலின் வகை முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, புருஷனை டவுனுக்கு அனுப்பி "கடுப்புக்கு ஏதாவது குடுங்க" என்று பார்மசியில் வாங்கி வரச் சொல்வது. கவுண்டருக்கு முன்னால் நிற்பது ஆம்பிளை, கர்ப்பம் என்று யாருக்குத் தெரியும்? சிப்ரோபுளொக்சசின் கையில் கிடைக்கலாம், அதைக் கர்ப்பிணிகளுக்கு வேறு வழியிருந்தால் கொடுக்க மாட்டார்கள். வீட்டில் மிஞ்சிய குளிசையும் இதே கதைதான். எலிக்காய்ச்சல் வராமலிருக்க வயலில் இறங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளினை "நீயும் ஒண்ணு போட்டுக்க" என்று பகிர்ந்துகொள்ள வேண்டாம். நாலாம் மாதத்துக்கு அப்புறம் அந்த வகை மருந்துகள் குழந்தையின் பல்லில் படிந்து மஞ்சளும் பழுப்புமாக நிறம் மாற்றலாம்.

மாதம் ஏன் முக்கியம் என்பதற்கு கோட்ரைமொக்சசோல் என்ற அன்டிபயோட்டிக்கைப் பாருங்கள். முதல் மூன்று மாதம் அது போலிக் அமிலத்தின் வேலையைக் கெடுக்கும், கிளினிக்கில் தினமும் விழுங்கச் சொல்லித் தருகிறார்களே அதே போலிக் அமிலம்தான். பிரசவம் நெருங்கும்போது கொடுத்தால் குழந்தைக்கு மஞ்சள் காமாலை பயம். நைட்ரோபியூரன்டோயினும் அப்படித்தான், நடு மாதங்களில் சிறுநீர்த் தொற்றுக்கு நல்ல மருந்து, கடைசி வாரங்களில் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கலாம் என்பதால் நிறுத்திவிடுவார்கள். அக்காவுக்கு அஞ்சாம் மாதம் கொடுத்தது உங்களுக்கு ஒன்பதாம் மாதம் சரிவராது.

கர்ப்பம் என்று தெரியாமல் ஏற்கனவே ஏதாவது குடித்துவிட்டால்? கலைக்க வேண்டும் என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். பெரும்பாலான மருந்துகளால் ஒன்றும் ஆகாது. மேலுறையைத் தூக்கிப் போடாமல் மிட்வைஃப் மிஸ்ஸிடம் காட்டுங்கள்.

நுவரெலியாப் பனியில் வரும் தடிமனுக்கு அன்டிபயோட்டிக் கேட்டு நிற்பதும் வீண், அது வைரஸ். மறுபக்கம், இரண்டு நாளில் கடுப்பு நின்றதும் மிச்சத்தை நிறுத்துவதும் தவறு. வயிற்றைப் பிரட்டினாலும் நீங்களாக விடாமல் போய்ச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள்.

நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப் பக்கம் வலி, மருந்தே தங்காத வாந்தி, வயிறு இறுகி இறுகி வலிப்பது, இதில் எது வந்தாலும் பனடோலைப் போட்டுவிட்டு விடியும்வரை லயத்தில் படுத்திருக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் சேர்த்துச் சொல்லுங்கள், போகும்போது கிளினிக் கார்டும் குடித்த குளிசைகளும் கையில் இருக்கட்டும்.