ரியாக்டர் இயற்பியல்: பெரிய பாடநூலைத் தனியாகப் படிக்க ஒரு வழி

முதுநிலை மாணவர்களுக்கான ரியாக்டர் (அணு உலை) இயற்பியல் நூல்கள் பலவும் நியூட்ரான் கடத்தல் சமன்பாட்டைச் சீக்கிரமே கொண்டுவந்து நிறுத்திவிடும். இடத்துக்கு மூன்று, திசைக்கு இரண்டு, ஆற்றலுக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று என மொத்தம் ஏழு மாறிகள். தனியாகப் படிக்கிறவர்கள் புத்தகத்தை மூடி வைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அங்கே முட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். ஒவ்வொரு உறுப்பின் கீழும் வரவா செலவா என்று பென்சிலால் எழுதுங்கள். வெளியே கசிந்தது செலவு, மோதியது செலவு, வேறு ஆற்றலிலிருந்து சிதறி வந்தது வரவு, அணுப்பிளவில் பிறந்தது வரவு. இது புரிந்தால் முதல் சுற்றுக்குப் போதும். அடுத்து ஒரு குழு விரவல் (diffusion) சமன்பாடு (எல்லா ஆற்றலையும் ஒரே குழுவாக வைப்பது), பிறகு நேர இயக்கவியல், நியூட்ரான் வேகம் தணிதல், பல குழு முறை என்று போங்கள். இவை முடிந்தபின் கடத்தல் சமன்பாட்டுக்குத் திரும்பினால் அதே பக்கம் பாதி நேரத்தில் படிந்துவிடும்.

கணிதத்தில் இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு, மாறிகளைப் பிரித்தல், ஐகன் மதிப்பு மூன்றும் கை வர வேண்டும். பெஸ்ஸல் சார்புகளைக் கண்டு மிரள வேண்டாம். உருளை வடிவ ரியாக்டருக்கு முதலில் தேவைப்படுவது ஒரே ஒரு எண்: 2.405.

முதல் கைக்கணக்கு அணு அடர்த்தி. அவகாட்ரோ எண்ணை முழுசாக எழுதினால் அடுக்குகளில் எங்காவது தவறு வரும். அதற்குப் பதில் 0.6022 என்று எழுதுங்கள், விடை ஒரு பார்ன்-செ.மீ.க்கு எத்தனை அணு என்று கிடைக்கும் (மோதல் எவ்வளவு எளிதில் நடக்கும் என்பதற்கான அளவே கிராஸ் செக்‌ஷன், அதன் அலகு பார்ன்), கிராஸ் செக்‌ஷனைப் பார்னிலேயே பெருக்கிக்கொள்ளலாம். யுரேனியம் டையாக்ஸைடின் அடர்த்தி 10.5, மூலக்கூறு எடை 270 என்றால் 10.5 × 0.6022 ÷ 270 = 0.0234. இதில் 3 சதவீதம் யுரேனியம்-235 என்றால் 0.0007. அதன் பிளவு கிராஸ் செக்‌ஷன் 585 பார்ன்; பெருக்கினால் ஒரு செ.மீ.க்கு 0.41.

இங்கே ஒரு பொறி உண்டு. 585 என்பது விநாடிக்கு 2,200 மீட்டர் வேகத்தில் போகும் நியூட்ரானுக்கான மதிப்பு. ரியாக்டரில் இருப்பது பல வேகங்களின் கலவை. அறை வெப்பநிலையிலேயே சராசரி எடுக்க 0.886 ஆல் பெருக்க வேண்டும். வெப்பம் ஏற ஏற அது இன்னும் குறையும். பாடநூலின் பின்னிணைப்பு அட்டவணையை அப்படியே கணக்கில் போட்டுவிட்டு, விடை ஏன் பத்து சதவீதத்துக்கு மேல் தள்ளிப்போகிறது என்று தேடுவது வழக்கமாக நடக்கிற கூத்து.

அடுத்து ஒரு பலகை வடிவ ரியாக்டர். இதை அவசரப்படாமல் செய்யுங்கள். விரவல் கெழு 1 செ.மீ., உட்கவர் கிராஸ் செக்‌ஷன் 0.10, ஒரு பிளவில் பிறக்கும் நியூட்ரான் எண்ணிக்கையைப் பிளவு கிராஸ் செக்‌ஷனால் பெருக்கியது 0.11 என்று வைப்போம். கசிவே இல்லாவிட்டால் பெருக்கல் காரணி (ஒரு தலைமுறை நியூட்ரான் அடுத்த தலைமுறையில் எத்தனை மடங்காகிறது என்பது) 0.11 ÷ 0.10 = 1.1. விரவல் நீளத்தின் வர்க்கம் 1 ÷ 0.10 = 10. பக்லிங் (ஃப்ளக்ஸின் வளைவைச் சொல்லும் அளவு) (1.1 − 1) ÷ 10 = 0.01, அதன் வர்க்கமூலம் 0.1. பை-யை அதால் வகுத்தால் மாறுநிலை அகலம், அதாவது தொடர்வினை கூடாமல் குறையாமல் நிற்கும் அகலம், 31.42 செ.மீ.

இது பலகையின் உண்மையான அகலம் இல்லை. ஃப்ளக்ஸ் (நியூட்ரான் அடர்த்தியை வேகத்தால் பெருக்கியது) பூஜ்யமாவதாக நாம் எடுத்துக்கொள்ளும் இடம் விளிம்புக்கு 2.13 செ.மீ. வெளியே இருக்கிறது (விரவல் கெழுவைப் போல 2.13 மடங்கு). இரு பக்கமும் கழித்தால் பலகை 27.16 செ.மீ. இந்தக் கழித்தலை மறப்பவர்கள் ஏராளம். இன்னொன்று: மொத்த மோதலில் 30 சதவீதம் உட்கவர்தலாக இருக்கும் பொருளுக்கு விரவல் தோராயம் அவ்வளவாக ஒத்துவராது. விளிம்பு, கட்டுப்பாட்டுத் தண்டு ஆகியவற்றை ஒட்டியும் அதே கதைதான். நிரல் பழகுவதற்கு இந்த எண்கள் போதும்.

இதையே பைத்தானில் நாற்பது வரிக்குள் எழுதிவிடலாம். 31.42 செ.மீ.யைப் பத்துக் கூறாகப் பிரித்து, இரு முனையிலும் ஃப்ளக்ஸைப் பூஜ்யமாக்குங்கள். பெருக்கல் காரணி 1.00075 வர வேண்டும். இருபது கூறாக்கினால் 1.00019. கூறு பாதியானபோது பிழை கால்வாசியாகிவிட்டது அல்லவா, அதுதான் நிரல் சரி என்பதற்கு அடையாளம். பிழை பாதிதான் குறைகிறது என்றால் எல்லை நிபந்தனையைப் பாருங்கள். பூஜ்யத்தைக் கட்டத்தின் விளிம்பில் வைப்பதற்குப் பதில் நடுவில் வைத்திருப்பீர்கள். பலகையின் அகலமே மாறிப்போயிருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. திரும்பத் திரும்பப் பெருக்கி விடை தேடும் முறையில், ஒவ்வொரு சுற்றிலும் பிழை எத்தனை மடங்காகச் சுருங்குகிறது என்று அச்சிட்டுப் பாருங்கள். இந்தப் பலகையில் இரண்டாம் ஐகன் மதிப்பு 0.11 ÷ 0.14 = 0.786. அதனால் ஃப்ளக்ஸின் பிழை சுற்றுக்கு 0.786 மடங்காக வேண்டும். ஆனால் தொடக்க ஃப்ளக்ஸை எல்லா இடத்திலும் 1 என்று வைத்தால் 0.58தான் வரும்! நிரல் தப்பில்லை. சமச்சீரான தொடக்கத்தில் இரண்டாம் ஐகன் மதிப்புக்குரிய ஃப்ளக்ஸ் வடிவம் கலந்திருக்காது. அடுத்து நிற்பது மூன்றாவது வடிவம். ஒரு பக்கம் மட்டும் 1, மறுபக்கம் 0 என்று தொடங்கினால் 0.786 தெரியும். பெரிய ரியாக்டர்களில் இந்த விகிதம் 1-ஐ நெருங்கும். அங்கே இரண்டு சுற்றுக்கு இடையிலான மாற்றம் சிறுத்துவிட்டதே என்று நிறுத்தினால் விடை இன்னும் வெகுதூரத்தில் இருக்கும்.

நேர இயக்கவியலில் தாமத நியூட்ரான்களை (பிளவு நடந்து சற்றுப் பொறுத்து வெளிவருபவை) விட்டுவிட்டு ஒரு முறை, சேர்த்து ஒரு முறை கணக்குப் போடுங்கள். நியூட்ரான் தலைமுறை நேரம் 0.00002 விநாடி, ரியாக்டிவிட்டி (மாறுநிலையிலிருந்து எவ்வளவு விலகல் என்ற அளவு) 0.001 என்று கொள்வோம். தாமத நியூட்ரான் இல்லாவிட்டால் பத்தில் ஒரு விநாடிக்குள் திறன் 148 மடங்கு. பீட்டா (மொத்த நியூட்ரான்களில் தாமதமானவற்றின் பங்கு) 0.0065 சேர்ந்தால் திறன் முதலில் 1.18 மடங்குக்குத் தாவும், பிறகு நிதானமாக ஏறும். 2.718 மடங்காக எடுக்கும் நேரம் தாமத நியூட்ரான்களை ஆறு குழுவாக வைத்தால் சுமார் 55 விநாடி; சிதைவு மாறிலி 0.08 என ஒரே குழுவாகச் சுருக்கினால் 69. சாதாரண ஆய்லர் முறையில் 0.01 விநாடிப் படி வைத்தால் திறன் கூட்டல் கழித்தலாக மாறி மாறித் தாவி வெடிக்கும். எல்லை ஏறத்தாழ 0.007 விநாடி. மறைமுக முறைக்கு மாறிவிடுங்கள்.

நியூட்ரான்களை விழுங்கும் செனான்-135 பற்றிய அத்தியாயம் எளிது. சிதைந்து செனானாக மாறும் அயோடின்-135இன் அரை ஆயுள் 6.6 மணி, செனானுடையது 9.1 மணி. நிரலில் மணியையும் விநாடியையும் கலந்துவிடாமல் இருந்தால் சரி.

பல குழு அத்தியாயத்தில் குழு எண் 1 என்பது மிக உயர்ந்த ஆற்றல். சிதறல் அணியில் நியூட்ரான் புறப்படும் குழு கிடைவரிசையா நெடுவரிசையா என்பது நூலுக்கு நூல் மாறும். ஒரு குழுவிலிருந்து சிதறும் எல்லாவற்றையும், அதே குழுவில் தங்குவதையும் சேர்த்துக் கூட்டி, அட்டவணையில் உள்ள மொத்தச் சிதறலோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

பல நூல்களின் எடுத்துக்காட்டுகள் சாதாரண நீர் ரியாக்டரை மனத்தில் வைத்தவை. கூடங்குளத்துக்கு அவை நேராகப் பொருந்தும். கல்பாக்கத்தின் கனநீர் உலைகளுக்கு எண்கள் மாறும்: 2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் வெப்ப நிலைக்குத் தணிய ஹைட்ரஜனில் சுமார் 18 மோதல், டியூட்டீரியத்தில் 25, தலைமுறை நேரமும் பல மடங்கு நீளம். அங்கேயே 1985-இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் நான்கு காரணி வாய்பாட்டில் நாளைச் செலவிட வேண்டியதில்லை, நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும் தணிப்பானே இல்லாத உலை அது. பீட்டாவை மட்டும் மறக்காமல் மாற்றுங்கள்: புளூட்டோனியம்-239க்கு அது 0.0021தான்.