ஹைபிரிட் கார் லீற்றருக்கு எவ்வளவு ஓடும்: எதிர்பார்க்க வேண்டியதும் அளக்கும் முறையும்

பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரைப் புதிதாக வாங்கியவரிடம் யாழ்ப்பாணத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி "லீற்றருக்கு எவ்வளவு ஓடுது?" என்பதுதான், விலையைக் கேட்பது அதற்குப் பிறகு. கேட்பவரின் மனதில் முப்பதுக்கு மேற்பட்ட ஓர் எண் ஏற்கெனவே இருக்கும். உரிமையாளர் "இருபது" என்று சொன்னதும், "அப்ப பற்றரியில ஏதோ பிழை" என்ற தீர்ப்பும் கையோடு வந்துவிடும். பெரும்பாலான வேளைகளில் பிழை அந்த முப்பதில்தான் இருக்கிறது. 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர், ஹைபிரிட் காரை முதன்முறையாக ஓட்டுபவர்கள் நம்மிடையே கூடியிருப்பதால், அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

ரொயோட்டா அக்வாவை எடுத்துக்கொள்வோம். 2011 டிசம்பரில் யப்பானில் அது வெளிவந்தபோது, 10-15 என்ற பழைய சோதனை முறைப்படி லீற்றருக்கு 40 கிலோமீற்றர் என்றும், ஜேசி08 என்ற புதிய முறைப்படி 35.4 கிலோமீற்றர் என்றும் இரண்டு எண்கள் அறிவிக்கப்பட்டன. அதே கார் அமெரிக்காவில் பிரியஸ் சி என்ற பெயரில் விற்கப்பட்டது. அந்நாட்டு அரசின் சோதனை அதற்குக் கொடுத்த எண் கலனுக்கு 50 மைல், அதாவது லீற்றருக்கு ஏறத்தாழ 21 கிலோமீற்றர். ஒரே எஞ்சின், ஒரே பற்றரி, மூன்று எண்கள். ஜேசி08 சோதனை ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தூரத்தை 20 நிமிடத்தில், சராசரியாக மணிக்கு 24 கிலோமீற்றர் வேகத்தில், உருளைகளின் மேல், ஏசி போடாமல் ஓட்டிப் பார்ப்பது. அமெரிக்க மதிப்பீட்டில் வேகமான ஓட்டம், ஏசி, குளிரில் எஞ்சினைத் தொடக்குவது ஆகியவையும் கணக்கில் சேர்கின்றன. நம்முடைய வீதிக்கு எது கிட்ட வரும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே வாங்கும்போது காட்டப்படும் எண் எந்தச் சோதனை முறைக்குரியது என்று முதலில் கேளுங்கள். நான் கைக்கணக்காக வைத்திருப்பது இது: ஜேசி08 எண்ணானால் பத்தில் ஆறு பங்கு, 2018 இன் பின் யப்பானில் புழக்கத்துக்கு வந்த டபிள்யூஎல்ரிசி என்ற சோதனை முறையின் எண்ணானால் பத்தில் ஏழு முதல் எட்டுப் பங்கு. இதற்கு மேல் கிடைப்பது உங்கள் கால் செய்த புண்ணியம். 2021 இல் வந்த இரண்டாம் தலைமுறை அக்வாவின் 35.8 என்ற எண்ணையும் பழைய அக்வாவின் 35.4 ஐயும் பக்கத்தில் வைத்து "பத்து வருடத்தில் ஒன்றும் முன்னேறவில்லை" என்று சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன்; முதலாவது டபிள்யூஎல்ரிசி எண், மற்றையது ஜேசி08 எண், இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

வெளிநாட்டு உறவினர்கள் தொலைபேசியில் சொல்லும் எண்களும் இப்படித்தான் குழப்பும். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் "நூறு கிலோமீற்றருக்கு 4.7 லீற்றர்" என்பார், இலண்டன் சித்தப்பா "கலனுக்கு 60 மைல்" என்பார், அமெரிக்காவில் இருப்பவர் "50 மைல்" என்பார், பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர், அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர் என்பதால், மூவரும் சொல்வது நம்முடைய 21 ஐத்தான்.

அடுத்தது, உங்களுடையது எந்த வகை ஹைபிரிட் என்பது. அக்வா, பிரியஸ் போன்றவற்றில் மின் மோட்டார் தனியாகவே காரை நகர்த்தும். எஞ்சின் நின்றிருக்கும்போதும் ஏசி மின்சாரத்தில் ஓடும். சுசுகி வகன் ஆர் போன்றவற்றில் இருப்பது சிறிய மோட்டாரும் சிறிய பற்றரியும் கொண்ட மெல்லிய ஹைபிரிட். அது எஞ்சினுக்குத் தோள் கொடுக்குமே தவிர, காரைத் தூக்கிச் சுமக்காது. வகன் ஆர் சிக்கனமாக ஓடுவதற்கு முதற்காரணம் அதன் குறைந்த எடையும் 660 சிசி எஞ்சினுமே. எனவே அதனிடம் சத்தமில்லாத மின் ஓட்டத்தை எதிர்பார்த்து ஏமாற வேண்டியதில்லை.

இனி அளப்பது. திரையில் தெரியும் சராசரியை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அது வழமையாகச் சற்றுத் தாராளமாகவே சொல்லும். பெற்றோல் செட்டில் குழாய் தானாக நிற்கும் முதலாவது "டக்"குடன் நிரப்புவதை நிறுத்துங்கள். ஊழியர் இன்னும் கொஞ்சம் விடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பயண மீற்றரைப் பூச்சியமாக்கிவிட்டு, குறைந்தது 300 கிலோமீற்றர் ஓடிய பின், இயலுமானால் அதே செட்டில் அதே குழாயில், மீண்டும் முதலாவது நிறுத்தம் வரை நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லீற்றரால் வகுக்க வேண்டும். அண்மையில் எனக்கு 412 கிலோமீற்றருக்கு 19.6 லீற்றர் பிடித்தது, விடை 21. திரை 22.4 என்று காட்டிக்கொண்டிருந்தது. ஒருமுறை அளந்தது கணக்கல்ல, நிரப்பும் இடத்திலேயே அரை லீற்றர் முன்பின்னாகலாம். மூன்று தடவை அளந்து, தூரங்களைத் தனியாகவும் லீற்றர்களைத் தனியாகவும் கூட்டி வகுங்கள். ஆயிரம் ரூபாய்க்கு, இரண்டாயிரம் ரூபாய்க்கு என்று அடிக்கும் பழக்கம் உள்ளவர்களால் இதை ஒருபோதும் அளக்க முடியாது. 2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டுடன் கார்களுக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தந்த காலத்தில், ஒவ்வொரு லீற்றரும் எங்கே போனது என்று ஊரே கொப்பியில் எழுதி வைத்தது. அந்தக் கொப்பியை மறுபடி எடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஹைபிரிட் காரின் பெரிய எதிரி குறுந்தூர ஓட்டம். என் வீடு கொக்குவிலில். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட ஒன்றரைக் கிலோமீற்றர், திரும்பி வந்து அரைமணி நேரம் கழித்து ரவுணுக்கு நாலு கிலோமீற்றர், மாலையில் மறுபடி இதே கதை. முதல் மாதம் கிடைத்தது 16.8. ஒரு கராஜில் காட்டியபோது, எதையும் பரிசோதிக்காமலேயே பற்றரி இறங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். அந்த வார இறுதியில் வவுனியாவுக்குப் போய் வந்தேன்: 284 கிலோமீற்றர், 11.9 லீற்றர், அதாவது 23.9. இறங்கிப்போன பற்றரி இரண்டே நாளில் எழும்பி நிற்காது.

காரணம் எளியது. குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கினால், பற்றரியில் எவ்வளவு மின்சாரம் இருந்தாலும், எஞ்சினையும் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியையும் சூடாக்குவதற்காக அது சிறிது நேரம் ஓடியே தீரும். அந்தச் செலவு நூறு கிலோமீற்றர் பயணத்தில் கரைந்துவிடும். ஒன்றரைக் கிலோமீற்றர் பயணத்திலோ ஓட்டத்தின் பெரும்பகுதியே அதுதான். நம்மூர் வெயிலில் எஞ்சின் விரைவாகச் சூடேறுவது ஓர் ஆறுதல். செய்யக்கூடியது, வேலைகளைக் கோர்ப்பது: பள்ளிக்கூடம், திருநெல்வேலிச் சந்தை, வங்கி ஆகிய மூன்றையும் எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஒரே சுற்றில் முடிப்பது. நான் அப்படி மாற்றியதும் 19க்கு வந்தது. ஒன்றரைக் கிலோமீற்றருக்குச் சைக்கிள் இருக்கிறதே என்று அம்மா சொன்னதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

ஏசி அடுத்த செலவு. பள்ளிக்கூட வாசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தால், திரையில் பற்றரியின் கட்டங்கள் ஒவ்வொன்றாக இறங்குவதையும், சில நிமிடங்களில் எஞ்சின் தானாக எழும்பி உறுமுவதையும் காணலாம். அந்த நேரம் முழுவதும் பெற்றோல் போகிறது, தூரம் கூடுவதில்லை. சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் இருக்கச் சொல்ல நான் துணியமாட்டேன். காரை மர நிழலில் விடுவதும், புறப்படும்போது கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றியபின் ஏசியைப் போடுவதும், 26 பாகையில் வைப்பதும் போதும்.

ஓட்டும் முறையைப் பற்றி ஊரில் உலாவும் அறிவுரைகள் சில தவறானவை. முட்டையின் மேல் மிதிப்பதுபோல் அக்சிலேற்றரை மிதித்து, எஞ்சினை எழுப்பாமலே ஊர வேண்டும் என்பார்கள். பற்றரியில் உள்ள மின்சாரமும் கடைசியில் பெற்றோலிலிருந்து வந்ததுதான். அதைத் தீர்த்தால் எஞ்சின் பிறகு கூடுதலாக உழைத்து நிரப்பும். நிதானமாக, ஆனால் தயங்காமல் வேகத்துக்கு வந்து, பிறகு காலைத் தளர்த்தி உருளவிடுவதே நல்லது. புகையிரதக் கடவை மூடியிருப்பதைத் தொலைவிலேயே கண்டால் அப்போதே காலை எடுத்து, பிரேக்கை மென்மையாக நீளப் பிடியுங்கள். மோட்டார் மின்னாக்கியாக மாறி அந்த வேகத்தைப் பற்றரிக்குள் சேர்க்கும். கடைசி நேரத்தில் ஓங்கி மிதித்தால் அது பிரேக் தட்டில் சூடாகிப் போய்விடும். கடவையில் நிற்கும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளும் பழைய பழக்கத்தையும் விட வேண்டும், ஏனெனில் ரொயோட்டா ஹைபிரிட்களில் நியூட்ரலில் பற்றரி நிரம்பாது. எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் பி (B) என்ற கியர் கடுகண்ணாவை போன்ற நீண்ட இறக்கங்களுக்கானது; மேடு பள்ளமற்ற குடாநாட்டில் அதற்கு வேலையே இல்லை.

ஏ9 வீதியில் மணிக்கு 60 முதல் 70 வரை சீராக ஓடினால் நல்ல எண் கிடைக்கும். 90க்கு ஏற்றினால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், மோட்டாரால் அங்கே பெரிய உதவியும் இல்லை. சட்டப்படி எல்லை 70 என்பதால், ஆனையிறவுக்கு அப்பால் மறைந்து நிற்கும் பொலிஸார் நம் பெற்றோலுக்கும் காவல் என்று வைத்துக்கொள்ளலாம். காற்றின் பலத்தைக் கண்ணால் காண விரும்புபவர் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் ஆடி மாதத்தில் பண்ணைப் பாலம் வழியாக வேலணைக்குப் போய்வரட்டும்: போகும்போது திரையின் எண் சரிந்துகொண்டே போகும், திரும்பும்போது அதே கார் அதே வீதியில் வள்ளலாகிவிடும்.

ரயர் அழுத்தத்தைச் சாரதிக் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் பாருங்கள். யப்பான் வாகனங்களில் அது கிலோபஸ்கலில் இருக்கும். 230 என்றால் ஏறத்தாழ 33 பிஎஸ்ஐ. ரயர் குளிர்ந்திருக்கும் காலையில், மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். பெற்றோலைப் பொறுத்தவரை, யப்பானின் சாதாரணப் பெற்றோலின் ஒக்ரேன் அளவு குறைந்தது 89 தான். அதற்கென வடிவமைக்கப்பட்ட எஞ்சினுக்கு 92 தாராளம், 95 போட்டுத் தூரம் கூடும் என்று காத்திருப்பது வீண். சந்தேகமிருந்தால் கைநூல் சொல்வதைப் பின்பற்றுங்கள்.

அக்வாவின் பின் இருக்கையோரமாக ஒரு காற்றுத்துளை உண்டு. பற்றரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகவே உள்ளே போகிறது. நம்மூர்ச் செம்மண் புழுதியும் துணி நூலும் அங்கே படிந்து அடைக்கும், சிலர் அதன் மேலேயே அரிசி மூட்டையைச் சாய்த்து வைப்பார்கள். கொப்பியில் உள்ள உங்கள் சராசரி, அதே வழிகளில் ஓடியும், மூன்று நிரப்பல்கள் தொடர்ந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், முதலில் ரயர் அழுத்தம், பிறகு அந்தத் துளையின் வடிகட்டி, அதன் பின் ஏதாவது சக்கரம் பிரேக் பிடித்தபடி சுற்றிச் சூடாகிறதா என்று பாருங்கள். இவை மூன்றும் சரியாக இருந்தால் மட்டும், பற்றரியின் ஒவ்வொரு தொகுதியின் மின்னழுத்தத்தையும் கணினியில் காட்டக்கூடிய கராஜுக்குப் போய், அந்த எண்களை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.