ஐநோடு எண் 32 பிட்டைத் தாண்டியபோது

சர்வருக்குப் பல டெராபைட் வட்டு போட்டு எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் ஃபார்மட் செய்த பிறகு, பழைய 32-பிட் பில்லிங் புரோகிராம் சில கோப்புகளை மட்டும் திறக்க மறுத்தது. 'வேல்யூ டூ லார்ஜ் ஃபார் டிஃபைன்ட் டேட்டா டைப்' என்று பிழை. கோப்போ சில கிலோபைட்தான்!

புரோகிராம் கர்னலிடம் (லினக்ஸின் மையப் பகுதி) என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியைப் போட்டுப் பார்த்தால் வேடிக்கை: கோப்பின் விவரம் கேட்கும் ஸ்டாட்64 அழைப்புக்குக் கர்னல் ஒழுங்காகவே பதில் தருகிறது. அந்த விவரத்தை 32-பிட் கட்டத்துக்குள் அடைக்க முடியாமல் கைவிரிப்பது, புரோகிராம் பயன்படுத்தும் ஜிலிப்சி என்ற சி நூலகம். ஐநோடு எண்ணை, அதாவது கோப்பு முறைமை ஒவ்வொரு கோப்புக்கும் தரும் அடையாள எண்ணைக் காட்டும் 'எல்எஸ் -ஐ' கட்டளையைக் கொடுத்தேன். மாட்டிய கோப்புகளின் ஐநோடு எண்கள் எல்லாமே 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணான 4294967295-ஐத் தாண்டியிருந்தன. லினக்ஸ் 3.7 முதல் எக்ஸ்எஃப்எஸ்ஸில் ஐநோடு64 (32 பிட்டைத் தாண்டிய ஐநோடு எண்களையும் அனுமதிக்கும் அமைப்பு) தானே இயல்புநிலை.

மூலநிரல் இருந்தால் ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ் என்ற கம்பைல் அமைப்பை 64 என்று வைத்து மறுபடி கம்பைல் செய்வதே சரியான வழி. எங்களிடம் அது இல்லை, எழுதிக் கொடுத்தவர்களும் கடையை மூடிவிட்டார்கள். அதனால் மவுண்ட் அமைப்புகள் இருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஐநோடு32 சேர்த்து மவுண்ட் செய்தேன். அது புதிதாக உருவாகும் கோப்புகளுக்கு மட்டுமே எண்ணைக் கட்டுப்படுத்தும். இருப்பவை அப்படியே கிடக்கும். அப்புறம் அந்த ஃபோல்டரை வேறு பெயரில் நகலெடுத்து, பழையதை அழித்துவிட்டுப் பெயரை மாற்றினேன். கோப்பை நகர்த்தும் 'எம்வி' கட்டளை மட்டும் போதாது, ஐநோடு எண் மாறாது.