வாங்குபவரின் ஐயத்துக்குப் பதில் எழுதுங்கள்: இணைய வணிகத்தில் இணங்க வைக்கும் எழுத்து

கடைக்கு நேரில் வருபவர் ஒரு பையை வாங்கும் முன் அதைத் தூக்கிப் பார்க்கிறார், ஜிப்பை இழுத்துப் பார்க்கிறார், தையலை விரலால் தடவுகிறார். அப்போதும் மனம் ஒப்பாவிட்டால் விற்பனையாளரிடம் இரண்டு கேள்வி கேட்கிறார். இணையத்தில் அந்த வாய்ப்பு எதுவும் அவருக்கு இல்லை. படங்கள் பாதி வேலையைச் செய்யும். மீதியை எழுத்துதான் செய்தாக வேண்டும். ஆனாலும் இணையதளத்தின் வடிவமைப்புக்கும் விளம்பரத்துக்கும் தாராளமாகச் செலவிடும் பலர், பக்கத்தில் இடம்பெறும் சொற்களைக் கடைசி நேரத்தில் அவசரமாக நிரப்புவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. விளம்பரம் ஆளை வாசல் வரை அழைத்து வரும். உள்ளே வந்தவரிடம் பேச வேண்டியது எழுத்து.

இணங்க வைக்கும் எழுத்து என்றவுடன் அடைமொழிகளும் ஆச்சரியக்குறிகளும் நிறைந்த நடை பலருக்கு நினைவுக்கு வருகிறது. என் கருத்தில் அது பெரும் தவறு. ஒரு பொருளின் பக்கத்துக்கு வந்துசேர்ந்தவருக்கு ஏற்கெனவே ஓரளவு விருப்பம் இருக்கிறது. அவரைத் தடுத்து நிறுத்துவது ஐயம். அந்த ஐயத்தை அவர் வாய்விட்டுக் கேட்கும் முன்பே அறிந்து, உண்மையான பதிலை அவருக்குப் புரியும் சொற்களில் தருவதே இந்த எழுத்தின் முழு வேலை.

ஆகவே எழுத உட்காரும் முன் ஐயங்களைத் திரட்டுங்கள். வாடிக்கையாளர்கள் அனுப்பிய செய்திகள், தொலைபேசியில் கேட்ட கேள்விகள், பொருளைத் திருப்பி அனுப்பியவர்கள் சொன்ன காரணங்கள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். தொழில் புதிது, வாடிக்கையாளர்களே இன்னும் இல்லை என்றால், அதே வகைப் பொருளுக்கு மற்றவர்கள் எழுதியுள்ள மதிப்புரைகளைப் படியுங்கள். அவற்றில் மூன்று நட்சத்திர மதிப்புரைகளே அதிகம் பயன்படும் என்பேன். ஒரு நட்சத்திரத்தில் கோபமும் ஐந்து நட்சத்திரத்தில் மகிழ்ச்சியும் மேலோங்கியிருக்கும், இடையில் இருப்பவர்தான் எது பிடித்தது, எது உறுத்தியது என்று நிதானமாகப் பிரித்துச் சொல்வார். அவர்கள் பயன்படுத்திய சொற்களை மாற்றாமல் குறித்துக்கொள்ளுங்கள். "லேப்டாப் வைத்தால் அடிபடுமா?" என்று கேட்பவருக்கு "அதிர்வைத் தாங்கும் பல்லடுக்குக் கட்டமைப்பு" என்று பதில் எழுதினால், அவர் தம் கேள்விக்கான விடை அதுதான் என்று உணரமாட்டார்.

அடுத்தது, எதை முதலில் சொல்வது என்ற முடிவு. திரையில் பெரும்பாலோர் வரிவரியாகப் படிப்பதில்லை. வாசகர்களின் கண் அசைவைப் பதிவுசெய்து ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன், 2006ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவுகளில், பார்வை பெரும்பாலும் ஆங்கில எழுத்தான 'எஃப்' வடிவில் நகர்கிறது என்று காட்டினார்: மேலே ஒரு கிடைக்கோடு, சற்றுக் கீழே அதைவிடக் குறுகிய இன்னொன்று, பிறகு இடது ஓரமாகக் கீழ்நோக்கி ஓர் ஓட்டம். எனவே நிறுவனத்தின் வரலாற்றையும் வரவேற்பு வாசகங்களையும் மேலே வைத்துவிட்டு முக்கியமான செய்தியை நான்காம் பத்தியில் வைப்பது, அதை எழுதாமல் விடுவதற்குச் சமம். தலைப்பிலும் முதல் இரண்டு வரிகளிலும் பொருள் என்ன, யாருக்கு உதவும், எந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்பது தெரிந்துவிட வேண்டும். மின்னஞ்சலின் தலைப்பு வரிக்கும் (சப்ஜெக்ட்) இதுவே பொருந்தும். கைபேசித் திரையில் அதன் பின்பகுதி வெட்டுப்பட்டுவிடும்.

இனி, எழுத்தின் உயிர்நாடியான துல்லியத்துக்கு வருவோம். "உலகத்தரம் வாய்ந்த, நீண்ட காலம் உழைக்கும், நவீன வடிவமைப்புள்ள பை" என்ற வரியை எந்தப் பைக்கும் எழுதலாம். ஆகவே அது எந்தப் பையைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "15 அங்குல மடிக்கணினி அதன் உறையோடு உள்ளே நுழையும். அடியில் 1 சென்டிமீட்டர் தடிமனுள்ள நுரைப் பஞ்சு இருப்பதால், பையைச் சட்டென்று தரையில் வைத்தாலும் கணினியின் விளிம்பு நேரடியாக மோதாது. சாரலில் உள்ளே ஈரம் இறங்காது. கொட்டும் மழையில் தனி மேலுறை தேவைப்படும்." இங்கே ஒவ்வொரு சிறப்பும் அதனால் வாங்குபவருக்குக் கிடைக்கும் பயனோடு சேர்ந்தே வருகிறது. எழுதும்போது ஒவ்வொரு சிறப்புக்குப் பின்னும் "அதனால் எனக்கு என்ன?" என்று வாங்குபவரின் குரலில் கேட்டுக்கொண்டால் இந்தப் பழக்கம் கைகூடும். கடைசி வரியையும் கவனியுங்கள். குறையை மறைக்காமல் சொன்னவரின் மற்ற வாக்கியங்களுக்கும் நம்பகம் கூடுகிறது, பொருந்தாத எதிர்பார்ப்போடு வாங்கித் திருப்பி அனுப்புவோரின் எண்ணிக்கையும் குறைகிறது. கேட்பவரை இணங்க வைப்பதில் பேசுபவரின் நன்னடத்தை மீதான நம்பிக்கைக்கு மிகப் பெரிய பங்கு உண்டு என்று 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் வலியுறுத்தினார். முகம் காணாத இணைய வணிகத்துக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஒன்றைப் பெறும் மகிழ்ச்சியைவிட, அதே அளவுள்ள ஒன்றை இழக்கும் வலி மனிதர்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது என்பதை உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் விளக்கினார்கள். சலுகை முடிகிறது, கையிருப்பு தீர்கிறது என்ற வரிகள் தொடுவது இந்த இழப்பு அச்சத்தைத்தான். சலுகை உண்மையிலேயே வெள்ளிக்கிழமை முடிகிறது என்றால் அதைத் தெளிவாகச் சொல்வது வாங்குபவருக்குச் செய்யும் உதவி. ஆனால் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓடத் தொடங்கும் கடிகாரத்தையோ, கையிருப்பு நிறைய இருக்கும்போதே "இன்னும் இரண்டு மட்டுமே" என்ற வரியையோ வைப்பது ஏமாற்று. இந்திய அரசு 2023இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் பொய்யான அவசரமும் ஒன்று. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024இல் போலி மதிப்புரைகளைத் தடைசெய்யும் விதியைக் கொண்டுவந்தது. சட்டம் இல்லாத இடத்திலும் இவற்றைத் தொடாதீர்கள்.

விருப்பமும் நம்பிக்கையும் ஏற்பட்ட பிறகும் வணிகம் கைநழுவும் இடம் ஒன்று உண்டு. இணையக் கடைகளில் பொருள் சேர்க்கப்பட்ட கூடைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு, வாங்கி முடிக்கப்படாமலே கைவிடப்படுகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்த பேமார்டு என்ற ஆய்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. சும்மா பார்க்க வந்தவர்களை நீக்கிவிட்டால், அதற்கு முதன்மையான காரணமாக வாங்குபவர்கள் சொல்வது கடைசியில் சேரும் கூடுதல் கட்டணம். ஆகவே அனுப்பும் செலவையும் வரியையும் விலைக்கு அருகிலேயே எழுதிவிடுங்கள். பொத்தான்களில் "சமர்ப்பி" என்று போடாமல், அழுத்தினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லும் "ஆர்டரை உறுதிசெய்" போன்ற சொற்களை வையுங்கள். திருப்பி அனுப்பும் விதியைத் தனிப்பக்கத்தில் ஒளித்துவைக்காமல், எத்தனை நாள் அவகாசம், செலவு யாருடையது என்ற இரண்டையும் பொத்தானுக்கு அருகில் ஒரே வரியில் தெரிவியுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு நாள் ஆறப்போட்டு, பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் வாக்கியம் வாசகரையும் தடுக்கும். உங்கள் தொழிலை அறியாத ஒருவரிடம் பக்கத்தைக் கொடுத்து, பொருள் என்ன, யாருக்கு, ஏன் என்று திருப்பிச் சொல்லும்படி கேளுங்கள். பார்வையாளர்கள் போதிய அளவில் வந்தால், இரண்டு தலைப்புகளை ஒரே காலத்தில் வெவ்வேறு பார்வையாளர்களுக்குக் காட்டி ஒப்பிடலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், ஒரே நாள் விற்பனையை வைத்து முடிவு கட்டவும் கூடாது. பிறகு வாரந்தோறும் வரும் செய்திகளைப் பாருங்கள். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால், மூவருக்கும் தனித்தனியே பதில் அனுப்புவதோடு நிறுத்தாமல், அந்தப் பதிலைப் பக்கத்திலும் அன்றே சேர்த்துவிடுங்கள். கேட்காமலே திரும்பிப் போனவர்களுக்கும் அதே ஐயம் இருந்திருக்கும்.