இருநூறு ரூபாய்க்குள் வாசலுக்கு ஒரு பெரிய ஸ்டார்

டிசம்பர் பிறந்தால் சென்னையில் ராயபுரம், காசிமேடு பக்கம் மாடிக்கு மாடி கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கும். கடையில் வாங்கும் அட்டை ஸ்டார் நம்ம ஊர் டிசம்பர் மழைக்குத் தாங்காது. மூங்கிலில் ஒரு தடவை கட்டிவிட்டால் சட்டம் பல வருஷம் வரும், பிறகு காகிதம் மட்டும்தான் செலவு. எங்கள் வீட்டில் போன வருஷம் பல்பையும் சேர்த்து இருநூறு ரூபாய் தாண்டவில்லை.

கூடை பின்னுகிறவர்களிடம் கேட்டால் மூங்கில் பிளாச்சு, அதாவது மூங்கிலைப் பிளந்த மெல்லிய குச்சி, கிடைக்கும். 60 செ.மீ. நீளத்தில் பத்து, 10 செ.மீ.யில் ஐந்து வேண்டும். வளைத்தால் வளைய வேண்டும், ஒடியக்கூடாது. காகிதத்துக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெரு போங்கள், அல்லது தெருவில் காத்தாடி செய்கிறவர்களிடம் கேளுங்கள், அந்த மெல்லிய காகிதத்தில்தான் வெளிச்சம் அழகாக ஊடுருவும். பசைக்கு இரண்டு ஸ்பூன் மைதா, ஒரு டம்ளர் தண்ணீர், சின்னத் தீயில் கிளறினால் போதும்.

இப்போது கட்டுவோம். நோட்டில் கையை எடுக்காமல் ஐந்து கோட்டில் நட்சத்திரம் போடுவோமே, அதே வடிவத்தில் ஐந்து நீளக் குச்சிகளைத் தரையில் வைத்து, ஒன்றின் மேல் ஒன்று, அடுத்ததின் கீழ் என்று மாற்றி மாற்றிக் கோத்து ஐந்து முனையையும் நூலால் இறுக்குங்கள். இதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். ஒவ்வொரு குச்சியிலும் இரு முனையிலிருந்தும் 23 செ.மீ. அளந்து குறியுங்கள், குச்சிகள் வெட்டிக்கொள்ளும் இடம் அங்கேதான் வர வேண்டும். அந்த ஐந்து இடத்திலும் முன் ஸ்டாருக்கும் பின் ஸ்டாருக்கும் நடுவில் சின்னக் குச்சியைக் கொடுத்துக் கட்டினால் வயிறு உப்பி நிற்கும். முதல் வருஷம் நான் அளக்காமல் கண்பார்வைக்குக் கட்டினேன், ஒரு கை நீண்டு இன்னொன்று குட்டையாகி, அவ்வளவையும் பிரித்து மறுபடி கட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விட்டது.

காகிதம் ஒட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் தாராளமாக விடலாம். முன்னும் பின்னும் சேர்த்துப் பத்துப் பெரிய முக்கோணம், பக்கவாட்டில் பத்து ஒல்லி முக்கோணம், முன்பக்க நடுவில் ஓர் ஐங்கோணம். எல்லாவற்றையும் மடித்து ஒட்ட ஒன்றரை செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள். பின்பக்க நடுவை ஒட்டாமல் விடுங்கள், பல்பு போக வழி வேண்டும். கடற்காற்றில் பசை மெதுவாகத்தான் காயும், ஒரு ராத்திரி முழுக்க ஃபேன் கீழே வையுங்கள்.

பல்பு எல்.இ.டி.யாக மட்டும் இருக்கட்டும். பழைய குண்டு பல்பின் சூட்டில் காகிதம் பற்றிக்கொள்ளும், தயவுசெய்து வேண்டாம். 3 வாட் பல்பை தினம் 6 மணி நேரம் வீதம் 20 நாள் எரித்தாலும் அரை யூனிட்கூட ஆகாது. ஹோல்டரை உள்ளே ஒரு குச்சியில் கட்டுங்கள், எடை ஒயரில் தொங்கக்கூடாது. மழை விழாத வராண்டாவில் மாட்டுங்கள். மாடியில்தான் வேண்டும் என்றால் தெருவில் போகும் மின்கம்பியிலிருந்து நன்றாகத் தள்ளி மாட்டி, மழை வந்தால் அணைத்துவிடுங்கள்.

அப்புறம் இயேசு பிறந்த காட்சியை வைக்கும் குடில். புல்லுக்குக் காசே வேண்டாம், டிசம்பர் 15 வாக்கில் ஒரு பிடி கேழ்வரகை ராத்திரி ஊறவைத்து, ஈர மண் போட்ட தட்டில் தூவி தினம் தண்ணீர் தெளித்தால் கிறிஸ்துமஸுக்குப் பச்சைப்பசேல் என்று நிற்கும். காக்கி பேப்பரைக் கசக்கி நிமிர்த்தினால் மலை.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் ஸ்டாரை இறக்குங்கள். மைதா வாசனைக்குக் கரப்பான் வரும், அதனால் காகிதத்தைச் சுத்தமாகக் கிழித்து, சட்டத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்துப் பரணில் ஏற்றிவிடுங்கள்.