கல்லீரலைக் காப்பாற்றியது செடியல்ல, கரைப்பான்

போன வாரம் எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி லேப்டாப்பைத் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டினாள். பாராசிட்டமால் மட்டும் கொடுத்த எலிக் குழுவின் எஸ்ஜிபிடி, அதாவது கல்லீரல் செல் உடைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி, ஆயிரங்களில் நிற்கிறது. இலைச்சாறும் சேர்த்துக் கொடுத்த குழுவில் தரையோடு கிடக்கிறது. பட்டைக்கு மேலே மூன்று நட்சத்திரம் வேறு, வித்தியாசம் தற்செயல் இல்லை என்று புள்ளியியல் சொல்கிற அடையாளம்.

"சிலிமாரினைவிட நல்லா வந்திருக்கு சார்." சிலிமாரின் என்பது ஒப்பிடுவதற்கு வைக்கும் கல்லீரல் மருந்து.

அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரிந்த சந்தோஷம்தான். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு நானும் என் கைடிடம் ஓடினேன். "சாறை எதில் கரைச்சே?" என்று அவளிடம் கேட்டேன். "டிஎம்எஸ்ஓ சார்." தண்ணீரில் கரையாததைக் கரைக்க லேபில் எடுக்கும் கரைப்பான் அது. உட்காரச் சொன்னேன்.

டோஸ் கணக்கில் புள்ளி இடம் மாறுவது, கூண்டுக்கு லேபிள் ஒட்ட மறப்பது எல்லாம் ஒரு தடவை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. திட்டும் வாங்காமல், பட்டமும் வாங்கிக் கொடுத்து, ஜர்னலிலும் ஏறிவிடுகிற தவறுகள் சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் இது.

எலி என்றால் எந்த எலி?

பெரிய வெள்ளை எலி (ராட்), சுண்டெலி (மவுஸ்) இரண்டையும் தமிழில் எலி என்றே சொல்லிவிடுகிறோம். பாராசிட்டமாலுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பெரிய வெள்ளை எலி இந்த மருந்தை எளிதில் தாங்கிக்கொள்ளும். கிலோவுக்கு 2 கிராம் கொடுத்தாலும் பல நேரம் அரைகுறைச் சேதம்தான். சுண்டெலிக்குப் பட்டினி வயிற்றில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் போதும், மனிதக் கல்லீரலில் நடப்பதற்கு நெருக்கமான சேதம் வரும். "எங்க அனிமல் ஹவுஸில் வெள்ளை எலிதான் இருக்கு" என்பது காரணம் ஆகாது. ஆணையும் பெண்ணையும் ஒரே குழுவில் கலக்கவும் கூடாது. பெண் சுண்டெலி இந்த மருந்தைக் கூடுதலாகத் தாங்கும்.

பட்டினி

ராத்திரி எல்லாக் கூண்டிலிருந்தும் தீனியை எடுங்கள். ஒரு கூண்டை மறந்தால் அந்தக் குழு "பாதுகாக்கப்பட்டுவிடும்".

கரைப்பான்

இப்போது என் கதை. எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

முதலில் பாராசிட்டமால் கல்லீரலை எப்படிக் கெடுக்கிறது என்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். மாத்திரை தானாக விஷம் இல்லை. சாதாரண அளவில் பெரும்பகுதி குளுக்குரோனைடாகவும் சல்ஃபேட்டாகவும் மாறிச் சிறுநீரில் போய்விடும். ஒரு சிறு பங்கைத்தான் கல்லீரல் செல்லில் இருக்கும் சிஒய்பி 2இ1 போன்ற நொதிகள் நாப்குயி என்ற நஞ்சாக மாற்றுகின்றன. அதையும் செல்லில் இருக்கும் குளுட்டதயோன் என்ற காப்புப் பொருள் உடனே பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். அளவு மிஞ்சும்போது குளுட்டதயோன் தீர்ந்துபோகிறது. கட்ட ஆளில்லாத நாப்குயி செல்லின் புரதங்களில், முக்கியமாக மைட்டோகாண்ட்ரியாவில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகுதான் செல் சாகிறது.

அதாவது விஷத்தைத் தயாரிப்பதே கல்லீரலின் நொதிதான். அந்த நொதியைத் தடுத்துவிட்டால் நாப்குயி உருவாகாது, சேதமும் வராது. டிஎம்எஸ்ஓ அந்த நொதியைத் தடுக்கும்.

இது எனக்குத் தெரியாது. என் சாறு தண்ணீரில் கரையவில்லை, டிஎம்எஸ்ஓவில் கரைந்தது, அவ்வளவுதான் அப்போது யோசித்தது. ஆறு குழு, குழுவுக்கு ஆறு, மொத்தம் 36 சுண்டெலி. ஏழு நாள் சாறு, ஏழாம் நாள் கடைசி டோஸ் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாராசிட்டமால். பாராசிட்டமால் மட்டும் வாங்கிய குழுவுக்கு அந்த ஏழு நாளும் வெறும் சலைன்.

நான்காம் நாள் காலை அனிமல் ஹவுஸ் அண்ணன் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார். "என்ன தம்பி, இந்தப் பக்கத்துக் கூண்டெல்லாம் பூண்டு வாடை அடிக்குது? தீனியில ஏதும் கலந்தீங்களா?"

செடியோட வாசனையா இருக்கும்ணே என்றேன். செடிக்குப் பூண்டு வாசனையே கிடையாது. டிஎம்எஸ்ஓ உடம்புக்குள் போனால் கொஞ்சம் டைமெத்தில் சல்ஃபைடாக மாறி மூச்சில் வெளியே வரும். அந்த வாடைதான் பூண்டு மாதிரி இருக்கும். அண்ணன் "இந்தப் பக்கத்துக் கூண்டு" என்று சரியாகவே சொன்னார். சாறு வாங்கிய கூண்டுகளில் மட்டும் வாடை. சலைன் வாங்கிய கூண்டில் இல்லை. என் சோதனையின் ஓட்டை முழுவதையும் மூக்காலேயே கண்டுபிடித்தவர் அவர். நான் பரமபண்டிதன், காதில் வாங்கவில்லை.

வைவாவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாராசிட்டமால் குழுவுக்கு அந்த ஏழு நாளும் என்ன கொடுத்தீங்க?" சலைன் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். பாஸ் போட்டுவிட்டார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம் என்று இன்றும் தோன்றும்.

சில வருஷம் கழித்து, வேலைக்குச் சேர்ந்த இடத்தில் முறையாக அனுமதி வாங்கி அதைத் திரும்பச் செய்தேன். இந்த முறை வெறும் டிஎம்எஸ்ஓவும் பாராசிட்டமாலும் வாங்கிய குழு ஒன்றைச் சேர்த்தேன். அதன் எஸ்ஜிபிடியும் சாறு வாங்கிய குழுவின் எஸ்ஜிபிடியும் அக்கம்பக்கத்தில் நின்றன. இலை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். எந்தச் செடி என்று சொல்ல மாட்டேன். அது ஒரு பாவமும் அறியாது.

ஆகவே முதல் வேலை: சாறு எதில் கரைகிறதோ அதே திரவம், அதே அளவு, அதே நாட்கள் பாராசிட்டமால் குழுவுக்கும் போக வேண்டும். சிலிமாரின் குழுவுக்கும்தான். முடிந்தால் டிஎம்எஸ்ஓ பக்கமே போகாதீர்கள். 0.5 சதவீத கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸில் கலக்கிக் கொடுங்கள். கரையாது, மிதக்கும். ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் குலுக்க வேண்டும், அந்தச் சோம்பல்தான் நம்மை டிஎம்எஸ்ஓவுக்குத் தள்ளுகிறது.

கரைப்பானைச் சரி செய்தால் போதுமா என்றால், இல்லை. கரைப்பான் செய்கிற அதே வேலையைச் சாறே செய்யலாம். பல தாவரப் பொருள்களுக்கு சிஒய்பி நொதிகளைத் தடுக்கும் குணம் உண்டு. அதனால் பாராசிட்டமால் கொடுத்த 30 நிமிஷத்தில் சில எலிகளின் கல்லீரலை எடுத்துக் குளுட்டதயோன் பாருங்கள். குளுட்டதயோனோடு சேர்ந்தால் மஞ்சளாகும் டிடிஎன்பி என்ற வேதிப்பொருளை ஊற்றினால் மருந்து வாங்காத எலியின் குழாய் நல்ல மஞ்சளாகும். பாராசிட்டமால் வாங்கியது கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி இருக்கும், அவ்வளவு குளுட்டதயோன் செலவாகியிருக்கும். சாறு வாங்கிய எலியின் குழாயும் கெட்டி மஞ்சளாகவே இருந்தால் உடனே குதிக்காதீர்கள். நாப்குயி உருவாகவே இல்லையோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். திருடனே வராத ராத்திரிக்குக் கூர்க்கா இனாம் கேட்கிற கதையாகிவிடும்.

இன்னொரு வழி, பாராசிட்டமால் கொடுத்து ஒன்றரை மணி நேரம் கழித்துச் சாறு கொடுப்பது. சுண்டெலியில் அதற்குள் நஞ்சு உருவாகும் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். அதற்குப் பிறகும் செல் பிழைத்தால் சாறு உண்மையிலேயே ஏதோ செய்கிறது. அவசர சிகிச்சைக்கு வருகிறவர் மாத்திரையை முழுங்கிவிட்டுத்தானே வருகிறார்? ஏழு நாள் கஷாயம் குடித்துவிட்டா வருகிறார்? அங்கே கொடுக்கும் முறிமருந்தான என்-அசிட்டைல்சிஸ்டீனும் முழுங்கிய 8 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் மிக நன்றாக வேலை செய்யும்.

"அப்போ கார்பன் டெட்ராகுளோரைடு வச்சுச் செய்யட்டுமா சார்?" என்றாள் அந்த மாணவி. எலியின் கல்லீரலைக் கெடுக்க லேபில் எடுக்கும் இன்னொரு வேதிப்பொருள் அது. அதையும் விஷமாக்குவது இதே சிஒய்பி 2இ1தான்.

ஹெப்ஜி2 செல்

எலி வேண்டாம், செல் போதும் என்று ஓடுகிறவர்களுக்கு. ஹெப்ஜி2 கல்லீரல் கட்டியிலிருந்து வந்த செல். பெயரில்தான் கல்லீரல். அதில் சிஒய்பி 2இ1 இல்லாத குறைதான். அதன் மேல் எவ்வளவு பாராசிட்டமால் கொட்டினாலும், செல் செத்தால் அது நாப்குயியால் செத்தது என்று சொல்ல முடியாது. எலியிலிருந்து புதிதாகப் பிரித்த ஹெப்படோசைட் (கல்லீரல் செல்) அல்லது இந்த நொதிகள் உள்ள ஹெப்பாஆர்ஜி செல்வகை கிடைத்தால் பேசலாம். ஹெப்பாஆர்ஜி விலையைக் கேட்டால் கைடுக்கு நெஞ்சு வலிக்கும், அது தனி விஷயம்.

எம்டிடி

உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும் சாயம் எம்டிடி; எத்தனை செல் பிழைத்தது என்று அதை வைத்துத்தான் பார்க்கிறோம். செல்லே இல்லாத குழியில் சாறையும் எம்டிடியையும் ஊற்றிப் பாருங்கள். ஊதா வந்தால், அந்த நிறத்தைக் கொடுப்பது சாறு.

ரோஸ் நிற சீரம்

கொட்டிவிடுங்கள். சிவப்பணு உடைந்த சீரத்தில் எஸ்ஜிஓடி பொய் சொல்லும், அந்த நொதி சிவப்பணுவிலும் உண்டு.

ஸ்லைடு

பாராசிட்டமால் சேதம் கல்லீரல் முழுக்கச் சமமாக வராது. மையச் சிரையை (ரத்தம் வெளியேறும் குழாய்) சுற்றித்தான் சிஒய்பி 2இ1 அதிகம், அதனால் செல் சாவதும் அங்கேதான் ஆரம்பிக்கும். ரத்தம் உள்ளே நுழைகிற, பித்தநாளமும் இருக்கிற போர்ட்டல் பக்கம் பெரும்பாலும் தப்பிவிடும். பாராசிட்டமால் குழுவுக்கு மையச் சிரையைப் படமெடுத்துவிட்டு, சாறு குழுவுக்குப் போர்ட்டல் பகுதியைப் படமெடுத்தால் எந்தத் தண்ணீரும் அருமருந்தாகிவிடும். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, அழகாக இருக்கும் இடத்தைக் கை தானாகத் தேடுகிறது. அதனால் ஸ்லைடுக்கு எண் மட்டும் போட்டு, எந்தக் குழு என்று தெரியாத ஒருவரிடம் கொடுங்கள்.

நேற்று ராத்திரி அந்தப் பெண் வாட்ஸ்அப்பில் நான்கு படம் அனுப்பியிருந்தாள். சாறு குழுவின் படத்தில் ஓரமாக ஒரு பித்தநாளம் தெரிகிறது. காலையில் ஸ்லைடு பெட்டியோடு வரச் சொல்லியிருக்கிறேன்.